மான்குட்டிக்குத் தெரிந்த மூன்று சத்தங்கள்

முருங்கைக்கீரை உருவிக்கொண்டேதான் இந்தக் கதையைச் சொல்லப் போகிறேன் பிள்ளைகளே. ஆளுக்கொரு கொத்து எடுத்துக்கொள்ளுங்கள். பழுத்த இலையைத் தள்ளிவிடுங்கள்.

ஒரு காட்டில், மலை இறங்கி ஆறு வளைகிற இடத்தில், ஒரு புள்ளிமானும் அதன் குட்டியும் இருந்தன. அந்த வருஷம் காட்டுக்குள் செந்நாய்க் கூட்டம் ஒன்று வந்து சேர்ந்தது. ஆபத்துச் சத்தம் தெரியாத குட்டி அடுத்த மழையைப் பார்க்காது என்று எல்லா விலங்குகளும் பேசிக்கொண்டன. அதனால் கருமந்தி ஒன்று குட்டிகளை நாவல் மரத்தடியில் உட்கார வைத்துப் பாடம் நடத்தியது.

பாடம் மூன்றே வரி.

"மயில் அலறினால் படு. மந்தி இருமினால் ஓடு. செந்நாய் விசிலடித்தால் தண்ணீரில் இறங்கு."

மந்தி ஒரு வரி சொல்லும். குட்டிகள் சேர்ந்து கத்தும். மந்திக்கு எப்போதும் அவசரம். மரம் அதிரக் கத்தினால் பாடம் ஏறிவிட்டது என்று எழுந்து போய்விடும்.

மான்குட்டி வாயைத் திறந்து வைத்துக் காத்திருக்கும். மற்றவர்கள் முதல் எழுத்தைத் தொட்டதும் அதைப் பிடித்துக்கொண்டு, எல்லாரையும்விட உரக்க முடிக்கும். இது ஏமாற்று என்று அதற்கே தோன்றவில்லை. தனக்குத் தெரியும் என்றுதான் நினைத்தது.

"புரிஞ்சுதா?" என்று மந்தி கேட்டது.

"புரிஞ்சுது" என்று எல்லாக் குட்டிகளும் சொல்லின.

சருகுமான் குட்டி மட்டும் எழுந்து நின்றது. "தனியாச் சொல்லிப் பார்த்தேன். மயிலும் மந்தியும் வருது. விசில் மட்டும் வரலை. இன்னொரு தடவை சொல்லுங்க."

"உன் மண்டைக்குள்ள என்ன, சருகா? நாளைக்குப் பார்க்கலாம்" என்றது மந்தி.

எல்லாரும் சிரித்தார்கள். மான்குட்டி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. சிரிக்கும்போதே உள்ளே சின்னதாக ஒன்று இடித்தது. விசிலுக்கு ஓடணுமா, இறங்கணுமா? கேட்டுவிடலாம். ஆனால் இவ்வளவு சிரித்த பிறகு எப்படிக் கேட்பது? கேட்கவில்லை.

சருகுமான் குட்டி மந்தியின் பின்னாலேயே நாலு மரம் தாண்டி ஓடி, அந்த வரியைக் கேட்டு வாங்கியது. பிறகு ஆற்றோரம் போய் நின்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் தாய்மான் பாடம் எப்படி என்று விசாரித்தது.

"எல்லாம் தெரியும்மா" என்றது குட்டி.

தாய் பாடம் படித்ததில்லை. மேற்கொண்டு கேட்கக் கூச்சம். தினமும் நாவல் மரத்தடியிலிருந்து வரும் சத்தத்தில் தன் பிள்ளையின் குரல்தான் தூக்கலாகக் கேட்கிறது. அது போதும் என்று இருந்துவிட்டது.

நாலாம் நாள் மான்குட்டி ஆற்றங்கரையில் தனியாக மேய்ந்துகொண்டிருந்தது. தண்ணீர் பத்துத் தாவல் தூரம்.

விசில் கேட்டது.

குட்டி வாயைத் திறந்தது. "செந்நாய் விசிலடித்தால்..." என்று சொல்லி நின்றது. முதல் எழுத்துக்காகக் காத்திருந்தது. எடுத்துக் கொடுக்க அங்கே யாரும் இல்லை. இன்னொரு விசில் இன்னும் கிட்டத்தில் கேட்டது. பாடத்தில் முதலில் வருகிற வரிதான் அதற்கு நினைவு வந்தது. புல்லுக்குள் படுத்துக்கொண்டது.

செந்நாய்களுக்கு மோப்பம் போதும்.

சருகுமான் குட்டி அப்போது ஆற்றுக்குள் மூக்கு மட்டும் தெரிய நின்றிருந்தது. அது கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் அதுவும் இல்லை.

தாய்மானிடம் போய்ச் சொன்னதும் சருகுமான் குட்டிதான். "விசிலடித்தால்னு ஆரம்பிச்சுட்டு நின்னுது பெரியம்மா. மிச்சத்தை யாராவது சொல்லுவாங்கன்னு பார்த்துது."

 மறுநாள் காலையில் தாய் நாவல் மரத்துப் பக்கம் போய் நின்றது. பாடம் நடந்துகொண்டிருந்தது. மந்தி சொல்லச் சொல்லக் குட்டிகள் கத்தின. மரம் நேற்றுப் போலவே அதிர்ந்தது. ஒரு குரல் குறைந்தது மந்திக்குத் தெரியவே இல்லை.

"புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது."

நீதி: பத்துப் பேரோடு சேர்ந்து சொல்ல வருவது நமக்குத் தெரிந்தது ஆகாது, தனியாகச் சொல்லிப் பார்த்து, தடுக்குகிற இடத்தை வெட்கப்படாமல் கேட்க வேண்டும்.

எங்கே, கனி, நீ மட்டும் சொல்லு. மற்றவர்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள். விசில் கேட்டால் எங்கே... வந்துட்டேன் அத்தை, இந்தா, கீரை முடிஞ்சுது. இரு கனி, வந்து கேட்கிறேன், அதுவரைக்கும் நீ தனியாச் சொல்லிப் பாரு.