முதல் கரண்டித் தேநீர்

சிடுசிடுவென்று இருந்த அதிகாரி ஒருவர் திடீரென்று அன்பாகிவிட்டால், அந்த அலுவலகத்தில் யாருக்கும் வேலை ஓடாது. காரணம் தேடுவதே வேலையாகிவிடும். குன்னூரில் ஒரு தேயிலைக் கம்பெனியில் அப்படித்தான் நடந்தது. கவனமாகப் படியுங்கள், விடை கதைக்குள்ளேயே இருக்கிறது.

ஆலையிலிருந்து வரும் தேயிலைத் தூளைக் கொதிநீரில் ஊறவைத்துக் கிண்ணங்களில் வரிசையாக வைப்பார்கள். கரண்டியால் சத்தமாக உறிஞ்சி, நாக்கில் சுழற்றி, துப்பிவிட்டுத் தரம் சொல்ல வேண்டும். அந்தச் சுவை அறைக்குத் தலைவர் ஞானராஜ். அவர் சொன்ன தரத்துக்கு மறுபேச்சு இருந்ததில்லை. 'பூ, சென்ட், பவுடர் கூடாது' என்று அறைக் கதவில் எழுதி ஒட்டியவர் அவர்தான். சென்ட் பூசி வந்த வியாபாரி ஒருவரை வாசலோடு திருப்பி அனுப்பியவரும் அவர்தான்.

மழைக்காலத்தில் கடும் காய்ச்சலில் படுத்து எழுந்து வந்தவர், முதல்முறையாகத் தனக்கு ஓர் உதவியாளர் வேண்டும் என்றார். திண்டுக்கல்லிலிருந்து சுகிர்தா வந்து சேர்ந்தாள். தாவரவியல் படித்தவள், நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்காதவள்.

அவளிடம் ஞானராஜ் காட்டிய கரிசனத்தைப் பார்த்து அலுவலகமே வாயைப் பிளந்தது.

"ராத்திரி என்னம்மா சாப்பிட்டீங்க? பூண்டு, மீன் எதுவும் இல்லையே? சளி பிடிக்கலையே?"

தினமும் இதே விசாரணை. அவள் ஒருமுறை தும்மினால் உடனே வெந்நீர் வரும். முதல் கரண்டியும் எப்போதும் அவளுக்குத்தான்.

"நீங்க முதல்ல சொல்லுங்கம்மா."

அவள் சொன்ன பிறகே அவர் கரண்டியைத் தொடுவார். குடித்துவிட்டு, "அதேதான்" என்பார்.

கணக்குப் பிரிவு விமலாக்காவுக்குக் காரணம் தெரிந்துவிட்டது. சுகிர்தாவிடமே சொன்னாள். "அடி அசடே, கனடாவுல இருக்கிற அவர் பையனுக்குப் பொண்ணு பார்க்கிறாருடி! உடம்பு எப்படி, சாப்பாடு எப்படின்னு வேற எதுக்கு விசாரிப்பாங்க?"

கிண்ணங்களில் கொதிநீர் ஊற்றும் முரளி சிரித்தான். "அக்கா, உங்களுக்குக் கல்யாணச் சாப்பாடு நினைப்பு. அவர் வேலையை எல்லாம் இவங்க தலையில கட்டிட்டு வீட்டுக்குப் போகப் போறார். பாருங்க."

ஊரிலிருந்து அம்மா போனில் வேறு சொன்னாள். "காரணம் இல்லாம ஒரு ஆபீசர் இப்படிக் குழைவாரா, சுகி? எனக்குப் பயமா இருக்கு. மாமா சொன்ன பள்ளிக்கூட ஆபீஸ் வேலை காத்துக்கிட்டிருக்கு. கிளம்பி வந்துடு."

சுகிர்தாவுக்குத் தேயிலை பிடித்திருந்தது. ஆனால் அம்மாவின் பயம் அவளையும் தொற்றிக்கொண்டது. பேசத் தெரியாதவள், பார்க்கத் தொடங்கினாள்.

ஒரு மதியம் விமலாக்கா கொண்டுவந்த சாம்பார் அடிப்பிடித்திருந்தது. எல்லாரும் முகத்தைச் சுளித்து ஒதுக்க, ஞானராஜ் மட்டும் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். "மனுஷர் தங்கமா மாறிட்டாரு," என்றாள் விமலாக்கா.

ஒரு வெள்ளிக்கிழமை கோயிலில் கொடுத்த பூவைச் சுகிர்தா தலையில் வைத்து, குளிருக்காகத் தலையோடு ஷாலைச் சுற்றிக்கொண்டு, நினைவில்லாமல் அப்படியே சுவை அறைக்குள் வந்துவிட்டாள். கொதிநீரோடு வந்த முரளி வாசலிலேயே மூக்கை உறிஞ்சினான். "வாசனை இங்க வரைக்கும் வருது. மாட்டிக்குவீங்க," என்று கிசுகிசுத்தான். அவள் ஷாலை இன்னும் இறுக்கிக்கொண்டாள். பக்கத்திலேயே நின்ற ஞானராஜ் அவளை உற்றுப் பார்த்தார்.

"ஏம்மா முகம் வாடியிருக்கு? தலைவலியா?"

அவ்வளவுதான். திட்டவே இல்லை.

அடுத்த வாரம் கொச்சியிலிருந்து பெரிய வியாபாரி ஒருவரை முதலாளி அழைத்து வந்தார். மூட்டைகள் லாரி ஏறத் தயாராக இருந்தன. வழக்கம்போல் முதல் கரண்டி சுகிர்தாவுக்கு வந்தது. உறிஞ்சினாள். மறுபடியும் உறிஞ்சினாள். எல்லாக் கண்களும் அவள்மேல் இருந்தன.

"புகை வாடை அடிக்குது, சார்," என்றாள், தனக்கே கேட்காத குரலில்.

முதலாளியின் முகம் மாறியது. "ஞானராஜ், நீங்க சொல்லுங்க."

அவர் உறிஞ்சினார், துப்பினார். கிண்ணத்தைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தார். "இந்தப் பொண்ணு சொன்னா சொன்னதுதான். லாரியை நிறுத்துங்க."

ஆலையில் தூளை உலர்த்தும் அடுப்பைப் பிரித்துப் பார்த்தார்கள். புகைக்குழாயில் விரிசல் இருந்தது.

"இந்த நாக்கை எங்கே பிடிச்சீங்க?" என்று வியாபாரி கேட்டபோது, சொந்த மகள் பரிசு வாங்கியதுபோல் ஞானராஜ் நிமிர்ந்து நின்றார்.

அன்று மாலை அம்மா அழைத்தாள். "நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்குப் பதில் சொல்லணும். வர்றியா, இல்லையா?"

இப்போது சொல்லுங்கள். ஞானராஜின் கரிசனத்துக்குக் காரணம் என்ன? விமலாக்கா, முரளி, அம்மா மூவரில் யார் கணித்தது சரி?

விடை: மூவருமே தவறு. அடிப்பிடித்த சாம்பாரை ரசித்தவர், ஷாலுக்குள் இருந்த பூவை அறியாதவர், அவள் சொல்லும்வரை வாய் திறக்காதவர். காய்ச்சல் அவருடைய மோப்பத்தைக் கொண்டுபோய்விட்டது. வாசனை தெரியாத நாக்குக்குத் தேநீரும் வெந்நீரும் ஒன்றுதான். மறுநாள் காலையில் சுகிர்தா, "சார், போன வெள்ளிக்கிழமை ஷாலுக்குள்ள பூ வச்சிருந்தேன்," என்றாள். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவர் கேட்டார்: "என்ன பூம்மா?" பிறகு அவரே முதலாளியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னார். சந்தை விலையும் தூள்களைக் கலக்கும் கணக்கும் அவர் பொறுப்பாகவே இருக்க, சுவையில் முடிவு சொல்வது சுகிர்தா என்று ஆயிற்று. அம்மாவிடம் அவள் சொன்ன பதில் இது: "நான் வரலைம்மா. அவர் என்னைப் பார்த்து ஒண்ணும் குழையலை. என் மூக்குக்குத்தான் அத்தனை மரியாதை!"