திரைக்கு வராத படம்

"எவனோ ஒருத்தன் என் தங்கச்சி விரலைத் தின்னுட்டு, பழியையும் அவ தலையிலயே கட்டிட்டான்!"

ஆறுச்சாமி பென் டிரைவை மேசையில் அறைந்தான். டீ சிந்தியது.

"யாரு?" என்றாள் சைபுன்னிசா. கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவள். அவனைவிட இளையவள். அவளிடம்தான் அவன் தொழில் கற்கிறான்.

"பேர் தெரியாதுங்க அம்மிணி. துணி பிழியற மெஷினுக்கு சாஃப்ட்வேர் எழுதினவன். மெஷின்லருந்து எடுத்த இந்த ஃபைலுக்குள்ளதான் ஒளிஞ்சிருக்கான்."

சாயப்பட்டறையில் நடந்தது அது. மெஷினின் திரையில் உருளை நின்றுவிட்டதாகப் படம் வந்தது. தங்கை வெள்ளியம்மா கையை உள்ளே விட்டாள். உருளை இன்னொரு சுற்று சுற்றியது.

கவனக்குறைவு என்றார் பட்டறைக்காரர்.

"அவளும் அதையே சொல்றாளுங்க. 'என் தப்புதான் அண்ணா'ங்கறா. கையை முந்தானையை விட்டு எடுக்கறதில்லை. பெத்த குழந்தையத் தூக்க மாட்டேங்கறா."

சைபுன்னிசா அந்த ஃபைலுக்கு நகல் எடுத்தாள். ஃபைலின் உள்ளிருப்பதை எண்களாகக் காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் நகலைத் திறந்தாள். திரை நிறைய எண்கள்.

"தேடுங்க."

"என்னத்தை?"

"இருக்கறதை."

ஆறுச்சாமி விசைப்பலகையைக் குத்தினான். நடுவில் ஒரு எண் புதிதாக ஏறிக்கொண்டது. அதற்குப் பின்னால் இருந்தது எல்லாம் ஓர் இடம் தள்ளிப்போனது. இயக்கிப் பார்த்தால் ஓடவில்லை.

"பாத்தீங்களா? திருட்டுப்பய ஃபைலு!"

"அவன் எழுதினது நல்லாத்தான் இருந்துச்சு. இது நீங்க செருகினது."

"நான் சந்தையில மாடு வித்து வளந்தவனுங்க. அடிச்சுப் பேசினாத்தான் எதுவும் படியும்."

"இது படியாதுங்கண்ணா."

அந்த நகலை அழித்தாள். வேறொன்று எடுத்தாள்.

"கையைக் கட்டிக்கிட்டுப் பாருங்க."

கட்டிக்கொண்டான். வெகுநேரம் பார்த்தான். மூச்சு அடங்கியது.

"இதுல ஒவ்வொரு படமும் 89 50-னு தொடங்கும். அங்கிருந்து அது முடியற வரைக்கும் வெட்டித் தனியா வைங்க. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்."

ஒவ்வொன்றாக எடுத்தான். ஓடும் உருளை. நின்ற உருளை. தண்ணீர்க் குழாய். எல்லாம் வெள்ளியம்மா தினமும் தொட்ட ஐகான்கள்.

கடைசியாக ஒன்று.

நின்ற உருளை. அதைச் சுற்றி ஒரு வளைந்த அம்பு. பக்கத்தில் ஒரு கை. கையின் குறுக்கே சிவப்புக் கோடு.

"இது எப்பங்க திரையில வரும்?"

சைபுன்னிசா அந்தப் படத்தின் எண்ணைத் தேடினாள். மேலிருந்து கீழ்வரை தேடினாள்.

"வராது. இதைத் திரையில காட்டுன்னு எந்த இடத்துலயும் எழுதல."

"அப்படின்னா... நின்னதுக்கப்புறமும் உருளை சுத்தும்னு..."

அவள் திரையை அவன் பக்கம் திருப்பி வைத்தாள்.



"அவன்கிட்ட எவ்வளவு பணம் கேக்கப் போறீங்க, அண்ணா?"

மாடு விற்றவன் இல்லையென்று தலையை ஆட்டினான். சிவப்புக் கோட்டைப் பார்த்தபடியே, அதைப் போட்டவனிடம் பேசினான். குரல் உயரவில்லை.

"உங்கிட்ட விலை பேச வரலடா. இந்தப் படத்தை மெஷின்ல போடு. போட்டுட்டு எங்க வீட்டுக்கு வா. என் தங்கச்சி முன்னால நில்லு. 'எனக்கு முன்னமே தெரியும்'னு உன் வாயால சொல்லு."