ஐயாயிரம் ரூபாய் முட்டை

பனங்காட்டை ஒட்டிய குளக்கரையில் செம்பி என்ற கோழி இருந்தது. பக்கத்துக் கொட்டிலில் கருப்பி என்ற ஆடு. இரண்டையும் வளர்த்தவள் ஞானவடிவு. பனைநாரில் பெட்டி முடைந்து பிழைப்பவள்.

செம்பிக்கு அப்போது ஒரு குறையும் இல்லை. காலையில் குப்பையைக் கிளறும். மத்தியானம் மண்ணில் புரளும். பொழுது சாய்ந்தால் கூடைக்குள் ஒடுங்கும். கூடையை மூடும்போது ஞானவடிவு தினமும் ஒன்றையேதான் சொல்வாள். "இன்னைக்குப் பாடு கழிஞ்சிட்டு. ஸ்தோத்திரம் ஆண்டவரே." செம்பி அதைக் காதில் வாங்கியதே இல்லை. அதற்குள் தூக்கம் வந்துவிடும்.

செம்பி அடைக்கு உட்கார்ந்த சமயத்தில் ஊர்க் கிறிஸ்தவக் கோயிலில் அறுப்பின் பண்டிகை வந்தது. அன்று அவரவர் வீட்டில் விளைந்ததைக் காணிக்கையாகக் கொண்டுவந்து பீடத்தின் முன்னால் வைப்பார்கள். பூசணி, வாழைத்தார், கருப்பட்டி, சேவல் என்று குவிந்து கிடக்கும். ஆராதனை முடிந்ததும் எல்லாவற்றையும் ஏலம் விட்டு, பணத்தைக் கோயிலுக்குச் சேர்ப்பார்கள். ஞானவடிவிடம் கொடுக்க வேறொன்றும் இல்லை. கூடைக்குள் கைவிட்டு ஒரு முட்டையை எடுத்துக்கொண்டு போனாள்.

மத்தியானம் காக்கை பறந்து வந்தது.

"ஏட்டி செம்பி, ஒன் முட்டை என்ன வெலைக்குப் போச்சு தெரியுமா? ஐயாயிரம் ரூவா!"

"வெளையாடாத."

"கண்ணால பாத்தேன். மரக்கடை ஆசீர்வாதம் எடுத்தாரு. அவரு ஒரு வெல சொல்ல, எதிராளி ஒரு வெல சொல்ல, ஏறிக்கிட்டே போச்சு."

"பொறவு?"

"பொறவு பந்தி போட்டுட்டாவ. நான் சோறு பொறுக்கப் போயிட்டேன்."

காக்கை பாதிக் கதையோடு வந்திருந்தது. அதன் வழக்கமே அதுதான்.

மீதிக் கதையை நான் சொல்கிறேன். கோயில் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. ஓடு மாற்றப் பணம் வேண்டும். ஆசீர்வாதம் கொடுக்க நினைத்திருந்ததை ஒரு முட்டையின் பேரில் கொடுத்தார், அவ்வளவுதான். ஏலம் முடிந்ததும் அந்த முட்டையை ஞானவடிவின் கையிலேயே வைத்தார். "கொண்டுபோயி அடை வையுங்க மயினி. குஞ்சு பொரிக்கட்டும்" என்றார். பொழுது அடைந்தபின் ஞானவடிவு அதை மற்ற முட்டைகளுக்கு நடுவில், செம்பியின் வயிற்றுக்கடியில் தள்ளிவிட்டாள். இருட்டில் கோழிக்குக் கண் தெரியாது. ஏலக் கதையை அவள் முணுமுணுத்துக்கொண்டே வைத்ததைப் பார்த்ததும் கேட்டதும் தூங்காத கருப்பி மட்டும்தான்.

மறுநாள் காலையில் கருப்பி பேச்சை எடுத்தது. ஆட்டுக்குப் பேச்சு நிதானம். அசைபோட்டு அசைபோட்டுத்தான் ஒவ்வொரு சொல்லாக வரும்.

"செம்பி, அந்த முட்டை இருக்குல்லா, அது..."

"தெரியும்க்கா. ஐயாயிரம். இரும்புப் பெட்டியில வச்சுப் பூட்டிருப்பாரு" என்று சொல்லிவிட்டு செம்பி எழுந்து போய்விட்டது.

எங்கே போனது? பெருமை பேசத்தான். குளத்தங்கரை வாத்துகளிடம் சொன்னது. கிணற்றடிக் கோழிகளிடம் சொன்னது. கேட்க யாரும் இல்லாதபோது ஒரு ஓணானிடம் சொன்னது. அடைக்கோழி இப்படி ஊர் சுற்றினால் முட்டை என்னாகும்? குளிர்ந்துபோகும். நடுவில் இருந்த ஒன்று மட்டும் எப்படியோ தப்பிப் பொரிந்தது. எது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

குஞ்சு தாயின் பின்னாலேயே கீச்சுக்கீச்சென்று ஓடியது. செம்பி அதைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது.

"ஒத்தக் குஞ்சு. இது என்ன வெலைக்குப் போவும்?" என்றது.

அந்தக் கேள்வி அதற்கு முன்னால் செம்பியின் வாயில் வந்ததே இல்லை. ஒருமுறை வந்துவிட்டால் அது லேசில் போகாது. குப்பையில் நெல்மணி கிடைத்தாலும் விலை. நிழல் கிடைத்தாலும் விலை. ஐயாயிரத்துக்குப் பக்கத்தில் வைத்தால் எல்லாமே அற்பமாகத் தெரிந்தது. பாவம், நன்றாகத் தின்றுகொண்டிருந்த கோழி.

குஞ்சுக்குச் சிறகு சரியாக முளைக்கும் முன்பே செம்பி அதைக் கொத்தி விரட்டிவிட்டு, மறுபடி முட்டையிடத் தொடங்கியது. இந்த முறை கூடையில் இடவில்லை. குளக்கரையில் கிடந்த பனையோலைக் குவியலுக்கடியில் ஒளித்து இட்டது.

கருப்பி கேட்டது. "அடை உக்காரலாம்லா?"

"உக்காந்தா குஞ்சாப் போயிரும்க்கா. சும்மா வச்சிருந்தா முட்டையா இருக்கும். அடுத்த பண்டிகைக்கு எல்லாத்தையும் அந்தம்மா கொண்டு போவட்டும். ஒவ்வொண்ணும் ஐயாயிரம்!"

"அட கிறுக்கி, அந்த முட்டை என்னாச்சுன்னா..."

"ஒனக்குப் பொறாமக்கா."

கருப்பி வாயை மூடிக்கொண்டது. ஆட்டுக்கும் ரோஷம் உண்டு.

அந்தப் பக்கம் ஒரு கீரி சுற்றிக்கொண்டிருந்தது. அதற்குப் பயந்து செம்பி முட்டைமேல் உட்காராமல், ஓலைக்குவியலை விட்டு நகராமல் காவல் நின்றது. இரை பொறுக்கப் போகவில்லை. மண்ணில் புரளவில்லை. கொண்டை வெளுத்தது, உடம்பு இளைத்தது. குஞ்சு குளிருக்குக் கருப்பியின் வயிற்றோரம் படுத்துத் தூங்கியது. விடிந்தால் தாயைத் தேடி ஓடி வரும். "தள்ளிப் போ, மிதிச்சு ஒடச்சிராத" என்று செம்பி விரட்டும். குஞ்சு கொஞ்ச தூரம் போய் நின்று பார்க்கும். அதைப் பார்க்கக் கருப்பிக்கு மனசு கேட்காது.

ஒரு நாள் காலை கீரி ஓலைக்குவியலுக்குப் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தது. செம்பி சிறகை விரித்துக்கொண்டு முறைத்தது. "நீ நவுராம எம்புட்டு நேரம் நிப்ப? நானும் பாக்கேன்" என்றது கீரி.

அதே நேரம் தண்ணீர் ஓரத்தில் குஞ்சு தனியாக மேய்ந்துகொண்டிருந்தது. மேலே பருந்து வட்டமிட்டது. வட்டம் சிறிதாகி, தாழ்ந்துகொண்டே வந்தது.

"ஏ செம்பி! பிள்ளை! பிள்ளை!" என்று கருப்பி கத்தியது. அது கயிற்றில் கட்டிக் கிடந்தது. அதனால் வேறொன்றும் செய்ய முடியவில்லை.

செம்பி மேலே பார்த்தது. பக்கத்தில் கீரியைப் பார்த்தது. நகர்ந்தால் இத்தனை நாள் காத்த முட்டை அத்தனையும் போச்சு. குஞ்சு ஒரு தடவை "கீச்" என்றது.

அவ்வளவுதான். விலையாவது, பண்டிகையாவது! செம்பி ஓடிய ஓட்டத்தில் புழுதி பறந்தது. பருந்து கால் நீட்டவும் செம்பி அதன் மேல் பாயவும் சரியாக இருந்தது. கொத்தியது, பிறாண்டியது, சிறகால் அடித்தது. பருந்தின் நகத்தில் செம்பியின் இறகுதான் சிக்கியது. இந்த மெலிந்த கோழிக்கு இவ்வளவு ஆவேசமா என்று பருந்து எழும்பிப் போய்விட்டது.

ஓலைக்குவியலில் ஒரு சத்தம். கீரி ஒரு முட்டையைக் கடித்தது. அடுத்த நொடியே துப்பிவிட்டு மூக்கைத் தேய்த்துக்கொண்டு ஓடியது. எல்லாம் எப்போதோ கூமுட்டையாகிவிட்டிருந்தன. நாற்றம் கொட்டில் வரைக்கும் வந்தது.

செம்பிக்கு முதுகில் ரத்தம் கசிந்தது. குஞ்சைச் சிறகுக்குள் அணைத்துக்கொண்டு கருப்பியிடம் வந்தது.

"அக்கா, எல்லாம் போச்சு. அந்த ஐயாயிரம் ரூவா முட்டை மாதிரி இனி எனக்கு ஒண்ணு வாய்க்குமா?"

"இப்பமாவது என்னப் பேச விடுவியா?"

செம்பி தலையசைத்தது.

"அந்த மனுசன் பணம் குடுத்தது ஒன் முட்டைக்கு இல்ல, கோயில் கூரைக்கு. முட்டைய அன்னைக்கே திருப்பிக் குடுத்துட்டாரு. அம்மா கொண்டாந்து ஒனக்குக் கீழதான் வச்சா. அது இப்பம் எங்க இருக்குன்னு ஒன் றெக்கையத் தூக்கிப் பாரு."

செம்பி சிறகைத் தூக்கிப் பார்த்தது. இரண்டு சின்னக் கண்கள் அதைப் பார்த்தன. செம்பி அதன் தலையை அலகால் கோதியது. "இதையா நான் கொத்தி விரட்டினேன்" என்று மட்டும் சொன்னது.

பொழுது சாய்ந்தது. ஞானவடிவு வந்து காயத்தில் மஞ்சளைக் குழைத்துப் பூசினாள். தாயையும் குஞ்சையும் ஒரே கூடையில் விட்டு மூடினாள். "இன்னைக்குப் பாடு கழிஞ்சிட்டு. ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்றாள். அன்றுதான் செம்பி அதைத் தூங்காமல் கேட்டது. கேட்டுவிட்டு, குஞ்சை இன்னும் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டது.

ஆண்டவர் கொடுத்ததற்கெல்லாம் விலை போட்டுப் பார்க்கிறவர் அதை இழந்துவிடுவார்; போதும் என்று நன்றி சொல்லி அணைத்துக்கொள்கிறவருக்கே அது முழுதாய்க் கிடைக்கும்.