ஒட்டடைப்பட்டிக்கு வந்த புது வானம்

ஒட்டடைப்பட்டியில் ஒரு சின்னக் கோளரங்கம். நாற்பது நாற்காலி, மேலே கவிழ்த்த சட்டி மாதிரி ஒரு கூரை. வேலை பார்த்தவர்கள் மூன்று பேர்: மேலாளர் பொன்னுரங்கம், கருவியை ஓட்டும் தவசிமுத்து, டிக்கெட்டும் கிழித்து விளக்கமும் சொல்லும் செண்பகவல்லி. மூவருக்கும் நல்ல மனசு. மற்றதைப் பற்றி நாம் பேச வேண்டாம்.

முப்பது வருஷமாக நட்சத்திரம் காட்டிய பழைய கருவி ஒருநாள் அணைந்துபோனது. அதற்கான பல்பை இப்போது யாரும் செய்வதில்லையாம். மேலிடத்திலிருந்து புது டிஜிட்டல் கருவி வந்தது. கூடவே ஒரு கடிதம்: "வெள்ளிக்கிழமை மாலை ஆய்வு அதிகாரி வருவார். கூரையில் நட்சத்திரம் தெரியாவிட்டால் கட்டடம் உரக் கிடங்காக மாற்றப்படும்."

செண்பகவல்லி அழுதேவிட்டார். "யூரியா மூட்டைகிட்ட நான் என்னத்தச் சார் விளக்கம் சொல்றது?"

கம்பெனிப் பொறியாளருக்கு ஐம்பது ஊர் வேலை. போனிலேயே சொல்லித் தந்தார். "முதல்ல கருவியை ஹாலுக்கு நட்டநடுவுல வைங்க."

வைத்தார்கள். தவசிமுத்துவுக்குத் திருப்தி இல்லை. "சுவத்துக்கும் சுவத்துக்கும் நடுவுலதான் சார் இருக்கு. தரைக்கும் கூரைக்கும் நடுவுல இல்லையே?"

பொன்னுரங்கம் தாடையைத் தடவினார். "அவரு வெறும் நடுன்னு சொல்லலை. நட்டநடுன்னு சொன்னாரு."

கிணற்றுக் கயிறு வாங்கி வந்து, கருவியைப் பாதி உயரத்தில் தொங்கவிட்டார்கள். அது தொட்டில் மாதிரி ஆடிக்கொண்டிருந்தது.

"உள்ளே பொட்டு வெளிச்சம் இருக்கக்கூடாது" என்றார் பொறியாளர். கதவைச் சாத்தி, இடுக்கில் துணி அடைத்து, கருவியின் சுவிட்சைப் போட்டார்கள். பளீரென்று வெளிச்சம் வந்தது.

"சார், இந்தக் கருவியிலிருந்துதான் வெளிச்சம் வருது!" என்று தவசிமுத்து கண்டுபிடித்தான்.

இரண்டு கம்பளியைப் போர்த்திக் கட்டினார்கள். கும்மிருட்டு. மூவரும் ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டார்கள், யார் யாரென்று தெரியாமலே. கால் மணி நேரத்தில் கருகல் வாடை அடித்தது. கருவி தானாகவே நின்றுபோனது.

மறுபடி போன் போட்டார்கள். "சிஸ்டம் ஹேங் ஆகியிருக்கா?" என்று கேட்டார் பொறியாளர்.

"ஆமா சார். காலையிலேர்ந்து ஹேங் ஆகித்தான் இருக்கு. கயிறு நல்ல கயிறு."

பொறியாளர் ரயிலில் போய்க்கொண்டிருந்தார்; அந்தச் சத்தத்தில் கடைசி வார்த்தைகள் அவர் காதில் விழவில்லை. "அதான் பிரச்சனை. மேலே, வலது மூலையில விண்டோ இருக்கும். அதை மூடிட்டு மறுபடி திறங்க."

மூவரும் அண்ணாந்து பார்த்தார்கள். அங்கே ஜன்னல் இல்லை.

"இல்லாத ஜன்னலை எப்படிச் சார் மூடறது?" என்றார் செண்பகவல்லி.

"வெச்சாத்தான் மூட முடியும்" என்றார் பொன்னுரங்கம்.

"வட்டக் கூரையில வலது மூலை எது?"

இதற்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. கடைசியில், அலுவலகத்தில் மேலாளர் பார்க்கும் திசைதான் திசை என்று முடிவானது. பொன்னுரங்கத்தை நிற்கவைத்து, வலது கையை உயர்த்தச் சொல்லி, விரல் காட்டிய இடத்தில் கரிக்கோடு போட்டார்கள்.

கொத்தனார் வந்தார். "கூரையில ஜன்னலா? எதுக்குங்க?"

"மூடறதுக்கு."

அவரும் ஒட்டடைப்பட்டிக்காரர்தான். அந்தப் பதில் அவருக்குப் போதுமானதாக இருந்தது. இரண்டு நாளில் கூரையை உடைத்து, கல்யாண மண்டப வாசல் அகலத்துக்கு ஒரு ஜன்னல் வைத்தார். கயிற்றை இழுத்து மூடினார்கள். திறந்தார்கள்.

"இப்ப படம் வருதா?" என்றார் பொறியாளர்.

"வருது சார். நீலமா இருக்கு."

"நீலம்னா சிக்னல் வரலை. காத்திருங்க."

காத்திருந்தார்கள். "சார், ஒரு காக்கா வருது."

"காக்காவா?" பொறியாளர் கொஞ்சம் யோசித்தார். "டெமோ படமா இருக்கும். எதையும் தொடாதீங்க."

தொடவில்லை. வெள்ளிக்கிழமை மாலை ஆறரைக்கு அதிகாரி வந்து நாற்காலியில் சாய்ந்தார். செண்பகவல்லி விளக்கை அணைத்தார். ஜன்னலில் நீலம் கறுத்தது. ஒரு நட்சத்திரம் வந்தது. பிறகு இரண்டு, பிறகு எண்ண முடியாத அளவுக்கு. அதிகாரி வாயைத் திறந்தபடி பார்த்தார்.

"மின்னுதே! பழைய கருவியில மின்னாதே! குளிர்காத்து வேற விட்டிருக்கீங்க!" கன்னத்தில் பட்டென்று அடித்துக்கொண்டார். "அடேயப்பா, கொசு கூட நிஜம் மாதிரியே இருக்கு!"

மிகத் தத்ரூபம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். உரக் கிடங்கு வேறு ஊருக்குப் போனது. செண்பகவல்லி இந்த முறை சந்தோஷத்தில் அழுதார்.

திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு முதல் காட்சி. பார்க்க வந்தவர்கள் கண் கூசி, துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு எழுந்து போனார்கள்.

பொன்னுரங்கம் கம்பெனிக்குக் கடிதம் எழுதினார்: "ஐயா, தங்கள் கருவி பிரமாதம். ஒரே ஒரு குறை. பகல் காட்சியில் பகல்தான் வருகிறது. ஆவன செய்யவும்."

பொறியாளரிடமிருந்து உடனே பதில் வந்தது: "நேர அமைப்பு மாறியிருக்கும். கடிகாரத்தைப் பன்னிரண்டு மணி நேரம் முன்னால் தள்ளவும்."

தவசிமுத்து ஹால் கடிகாரத்தைக் கழற்றி, முள்ளைப் பிடித்துப் பன்னிரண்டு சுற்றுச் சுற்றினான். முள் புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றது. மூவரும் கூரையைப் பார்த்தார்கள். சுள்ளென்று வெயில்.

"நினைச்சேன்" என்றார் பொன்னுரங்கம். "கருவியில கோளாறே இல்லை. கடிகாரம்தான் நகர மாட்டேங்குது."

அன்றைக்கே புதுக் கடிகாரம் கேட்டு மேலிடத்துக்கு எழுதிப் போட்டார்.