ஆள் பார்த்து வரும் அழுகை

மண்ணுக்கும் வாய் இருந்த அந்தக் காலத்தில், செம்போத்து பேசும், உடும்பு பேசும், எல்லாம் பேசும். மண் மட்டும் கொஞ்சம் யோசித்து யோசித்துப் பேசும். அவசரக்காரர்கள் அதனோடு வாய் கொடுப்பதே இல்லை.

அப்போதெல்லாம் மனுசப் பிள்ளையின் அழுகையும் கன்றுக்குட்டியின் அழுகை மாதிரிதான் இருந்தது. வலித்தால் வரும். பக்கத்தில் ஆள் இருக்கிறதா இல்லையா என்று அது பார்க்காது. நடுக்காட்டில் முள் குத்தினாலும் அங்கேயே அழுது, அங்கேயே தீர்ந்து, அங்கேயே மறந்தும் போய்விடும்.

கருமலை என்று ஒரு மலை. அதன் அடிவாரத்தில் மாராயி என்று ஒருத்தி தன் மகள் வேம்பியோடு இருந்தாள். வேம்பியின் அப்பன் எங்கே என்று என்னைக் கேட்காதீர்கள். மாராயியே அதைப் பற்றி வாய் திறக்கமாட்டாள், நான் எங்கே போய் விசாரிப்பது? கண்ணுக்கு எட்டிய தூரத்தில் வேறு குடிசை கிடையாது.

விடிந்ததும் மாராயி கிழங்கு தோண்ட மலைக்குப் போய்விடுவாள். சின்னப் பிள்ளையை இழுத்துக்கொண்டு பாறை ஏற முடியுமா? வேம்பியைக் குடிசையிலேயே விட்டுவிட்டுப் போவாள். பொழுது சாயும்போது திரும்புவாள். அதுவரை வேம்பிக்குப் பேச்சுத்துணை ஒரு செம்போத்துதான். அதுவும் எங்கேயாவது நத்தையைக் கண்டால் பாதிப் பேச்சில் எழுந்து போய்விடும்.

ஒருநாள் மாராயி திரும்பி வந்தபோது வேம்பி கூழாங்கற்களை அடுக்கி விளையாடிக்கொண்டிருந்தாள். அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். அம்மாவும் சிரித்தாள். கிழங்கைச் சுட்டுத் தின்றுவிட்டுப் படுத்தார்கள். அடுத்தடுத்த நாளும் அப்படியே போனது. பிறகு ஒரு காலையில் பிள்ளைக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. துணியை விலக்கிப் பார்த்தால், முழங்காலில் ஒரு காயம் சீழ் பிடித்து வீங்கிக் கிடந்தது.

"எப்படிடி அடிபட்டுச்சு? ஏன் என்கிட்ட சொல்லலை?"

"தெரியலையே" என்றாள் வேம்பி.

பிள்ளை பொய் சொல்லவில்லை. விழுந்தாள், அழுதாள், அழுது முடித்தாள், மறந்துபோனாள்.

மாராயி பச்சிலை அரைத்துக் கட்டினாள். காய்ச்சல் இறங்கும்வரை மகளை மடியைவிட்டு இறக்கவில்லை. இறங்கிய பிறகுதான் அவளுக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தை யார்மேல் காட்டுவாள்? குனிந்து தரையை ஓங்கி ஓர் அறை அறைந்தாள். பிள்ளை விழுந்தால் நாமும் தரையை அடிக்கிறோமே, அது இங்கேயிருந்து வந்ததுதான் என்று சிலர் சொல்வார்கள். இருக்கலாம். நான் சொல்ல வந்த கதை வேறு.

"என் பிள்ளையை எதுக்குத் தள்ளிவிட்டே?" என்று கேட்டாள் மாராயி.

மண் தன் வழக்கப்படி யோசித்து, "நான் தள்ளலை தாயி" என்றது. "அவளாத்தான் விழுந்தா. ரொம்ப நேரம் அழுதா. நான் கேட்டுக்கிட்டேதான் கிடந்தேன். தூக்க எனக்குக் கை இல்லையே."

"ரொம்ப நேரமா?"

"ஆமா. உன்னைக் கூப்பிட்டுத்தான் அழுதா."

மாராயி மகளைத் திரும்பிப் பார்த்தாள். தன்னைக் கூப்பிட்ட அழுகை தன் காதுக்கு வராமல் வெட்டவெளியில் கரைந்துபோயிருக்கிறது. கேட்டிருந்தால் அன்றைக்கே மருந்து போட்டிருப்பாள். அதற்கும் மேலே, பிள்ளை அவ்வளவு நேரம் அழுதும் ஒரு கை போய் அவளைத் தொடவில்லை என்பதுதான் தாங்கவில்லை.

"இனிமே அப்படி வீணா விடாதே" என்றாள் மண்ணிடம். "அவளுக்கு வலிச்சா அழுகையைப் பிடிச்சு வை. அவளுக்குன்னு ஒரு ஆள் வந்த பிறகு விடு."

"பிடிச்சு வைக்கிறேன். ஆனா தாயி, நெஞ்சுக்குள்ள கிடந்தா அது கனக்குமே?"

"பொழுது சாயறதுக்குள்ள நான் வந்துடப்போறேன். அதுக்குள்ள என்ன பெரிய கனம்?"

மண் வாக்குக் கொடுத்தது. மண் கொடுத்தால் கொடுத்ததுதான், நம்மைப் போல நாளைக்கு மாற்றிப் பேசாது.

அதற்கப்புறம் மாராயி கிழங்குக் கூடையோடு வந்து நின்றதும் வேம்பிக்கு உதடு பிதுங்கும். அன்றைய முள், அன்றைய சிராய்ப்பு, செம்போத்து சொன்ன கேலிப் பேச்சு, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு பாட்டம் அழுவாள். மாராயி கூடையைப் போட்டுவிட்டு அவளைத் தூக்கிக்கொள்வாள். எங்கே எங்கே என்று கேட்டு ஊதிவிடுவாள். இரண்டு பேருக்கும் அது பிடித்திருந்தது.

மழைக்காலம் வந்தது. ஒருநாள் பொழுது சாய்ந்தது, மாராயி வரவில்லை. மறுநாள் காலையில் செம்போத்து வந்து வேலியில் உட்கார்ந்தது. எப்போதும் தொணதொணக்கும் பறவை அன்றைக்கு மெதுவாகச் சொன்னது.

"ஆத்துல வெள்ளம் வந்துடுச்சு வேம்பி. அம்மா அதோட போயிட்டா."

வேம்பிக்கு முகம் கோணியது. சுற்றும் முற்றும் பார்த்தாள். தொண்டைவரை வந்த அழுகை அங்கேயே நின்றது.

"அழுதுடு புள்ளே" என்றது செம்போத்து.

"வரலை" என்றாள் வேம்பி.

பிறகு அவளே கிழங்கு தோண்டக் கற்றுக்கொண்டாள், வளர்ந்தும்விட்டாள். மலையைத் தாண்டிப் போகிறவர்கள் எப்போதாவது அந்தப் பக்கம் வருவார்கள். ஒவ்வொரு முகத்தையும் வேம்பி ஆவலோடு பார்ப்பாள். "வழி எந்தப் பக்கம்?" என்பார்கள். "தண்ணி இருக்கா?" என்பார்கள். "கிழங்கு இருந்தா ரெண்டு கொடேன்" என்பார்கள். அவளும் வழி காட்டுவாள், தண்ணீர் கொடுப்பாள், கிழங்கு கொடுப்பாள். அழுகை கொஞ்சம் மேலே எழும்பி வரும், அவர்கள் முதுகைப் பார்த்ததும் மறுபடி அமுங்கிப்போகும்.

நாளாக ஆக நெஞ்சு பாறாங்கல்லாகக் கனத்தது. படுத்தால் மூச்சு முட்டியது. கிழங்கைச் சுட்டு வைப்பாள், தின்ன மனசு வராது. "உன் பக்கத்துல உக்காந்தா எனக்கே நெஞ்சை அடைக்குது" என்று செம்போத்தும் வேறு மரம் பார்த்துப் போய்விட்டது. பாவம், அதையும் குறை சொல்ல முடியாது.

வேம்பி தரையில் குப்புறப் படுத்துக் கெஞ்சினாள். "அதை விட்டுடேன். என்னால தாங்க முடியலை. இப்படியே போனா நான் செத்துடுவேன்."

"உங்கம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கேன்."

"அவதான் போயிட்டாளே."

"அதனாலதான் மாத்த முடியலை" என்றது மண். "மாத்திச் சொல்ல அவ இல்லையே."

ஒரு உச்சிவெயிலில் குப்பாயி என்ற உப்புக்காரி வந்தாள். வெயிலைத் திட்டினாள், மலையைத் திட்டினாள், தன் கால் கொப்புளத்தையும் திட்டினாள். கேட்காமலே நிழலில் உட்கார்ந்து உப்புக்கூடையை இறக்கினாள். வேம்பி தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். வழி கேட்பாள் என்று நின்றாள்.

குப்பாயி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "என்ன புள்ளே, மூஞ்சி இப்படி வாடிக்கிடக்கு? சாப்பிட்டியா, இல்லையா?"

அவ்வளவுதான் கேட்டாள். 'ம்' என்று சொல்ல வேம்பி வாயைத் திறந்தாள். அழுகை வந்துவிட்டது.

"ஐயோ, என்னாச்சு? தேள் கொட்டிடுச்சா?" என்று பதறினாள் குப்பாயி. வேம்பியால் சொல்ல முடியவில்லை. கால் முள்ளுக்கு அழுதாள், தனியாகப் படுத்துக் கிடந்த காய்ச்சலுக்கு அழுதாள், ஆற்றோடு போன அம்மாவுக்கு அழுதாள். யாரும் வராத அத்தனை நாளுக்கும் அழுதாள். குப்பாயிக்கு ஒன்றும் புரியவில்லை. இருந்தாலும் இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டு, அழுது முடிக்கும்வரை முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

அழுகை ஓய்ந்ததும் மண் பேசியது.

"வேம்பி, அம்மா சொன்னதைச் செஞ்சு முடிச்சுட்டேன். இனி நீதான் சொல்லணும். உனக்கும் உனக்குப் பின்னால வர்ற பிள்ளைங்களுக்கும் பழையபடியே விட்டுடட்டுமா? இல்லை, பிடிச்சு வைக்கட்டுமா?"

வேம்பி யோசித்தாள். அன்றைக்கே அழுதிருந்தால் அன்றைக்கே தீர்ந்திருக்கும். நெஞ்சு கனத்திருக்காது. ஆனால் இந்த மடியும் இந்தக் கையும் என்னவென்று தெரியாமலே போயிருக்கும்.

"பிடிச்சே வை" என்றாள்.

"ஆள் வராமலே போயிட்டா?"

வேம்பி குப்பாயியைப் பார்த்தாள். அவள் அதற்குள் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டிருந்தாள். இருட்டுவதற்குள் மலையைத் தாண்டியாக வேண்டும். "வர்றேன் புள்ளே, சாப்பிடு" என்று சொல்லிவிட்டு நடந்தாள். அவள் தலை மறையும்வரை வேம்பி பார்த்துக்கொண்டே நின்றாள். கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. மண்ணும் காத்திருந்து காத்திருந்து, கடைசியில் பேசுவதையே விட்டுவிட்டது.

அன்றைக்குத் தொடங்கியதுதான் இது. கீழே விழுந்த பிள்ளை உடனே அழாது. முதலில் சுற்றும் முற்றும் பார்க்கும். தன் ஆள் கண்ணில் பட்டால் உதடு பிதுங்கும். யாரும் இல்லையென்றால் மண்ணைத் தட்டிவிட்டு எழுந்து நடக்கும். வளர்ந்து பெரியவர்களாகியும் அப்படியே நடந்துகொண்டிருப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரிடம் போய், சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.