செல்லாயிக்கு நேர்ந்த முடி

“அம்மா, செல்லாயிக்கு நேர்ந்த முடியை ஒவ்வொரு தடவையும் ஆஸ்பத்திரி எடுத்துக்குது” என்றான் நல்லதம்பி.

குரு சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

“செல்லாயி யாரு?”

“எங்க குலதெய்வம்.”

“முடி?”

“எம் பொண்ணோடது. தர்ஷிணி. நாலு வயசு.”

குருவுக்கு நல்லதம்பியைவிட வயது குறைவு. மொட்டைத் தலை, வெள்ளைப் புடவை. ஊருக்கு வெளியே ஒரு சிறிய மடத்தில் தனியாக இருந்தார். நல்லதம்பி ஞாயிற்றுக்கிழமைகளில் வருவான். பேசாமல் உட்கார்ந்துவிட்டுப் போவான்.

இன்று செவ்வாய்க்கிழமை. மனைவியின் அண்ணன் பெரியண்ணனும் கூட வந்திருந்தான். வெளியே ஒரு வேன் நின்றது.

குழந்தைக்குத் தலைக்குள் நீர் சேர்கிறது. அதை வயிற்றுக்கு இறக்கிவிட உள்ளே மெல்லிய குழாய் ஒன்று வைத்திருக்கிறார்கள். குழாய் அடைத்துக்கொள்ளும். ஆபரேஷன் செய்து மாற்றுவார்கள். சில மாதம் ஓடி விளையாடுவாள். மறுபடி அடைத்துக்கொள்ளும்.

ஆபரேஷனுக்கு முன்னால் தலையை மழித்துவிடுவார்கள்.

முதல் மொட்டை செல்லாயிக்கு என்று நேர்ந்திருந்தது. அது ஆஸ்பத்திரியில் போயிற்று. அடுத்து வளர்வதைக் கொடுத்துவிடலாம் என்றிருந்தார்கள். அதுவும் போயிற்று. அதற்கடுத்ததும்.

“இப்ப திரும்ப அடைச்சிருக்கும்மா. நேத்துலேர்ந்து வாந்தி. நாளைக்குக் காலையில கூட்டிட்டு வந்துடுங்கன்னுட்டார் டாக்டர்.”

“கூட்டிட்டுப் போங்க.”

“அதைத்தான் நானும் சொல்றேன்.”

“நான் சொல்லலை” என்றான் பெரியண்ணன். “இந்தத் தடவை முதல்ல செல்லாயி. அப்புறம்தான் ஆஸ்பத்திரி. இப்பக் கிளம்பினா விடியறப்ப கோயில்ல இருக்கலாம். மொட்டையடிச்சு, காது குத்தி, பொங்கல் வெச்சுட்டு மறுநாள் வந்துடலாம். வேனைக்கூடக் கூட்டிட்டு வந்துட்டேன்.”

“டாக்டர் மறுநாள்னு சொல்லலை மச்சான்.”

“டாக்டருக்கு செல்லாயியைத் தெரியுமா மாப்ள?”

“செல்லாயிக்கு டாக்டரைத் தெரியாதா?”

பெரியண்ணன் குருவிடம் திரும்பினான். “பாத்தீங்களாம்மா? இப்படித்தான் பேசுவார்.”

குரு முறத்தை இருவருக்கும் நடுவில் தள்ளினார்.

“உரிச்சுக்கிட்டே பேசுங்க. சாம்பாருக்கு நேரமாச்சு.”

உரித்தார்கள். பெரியண்ணனுக்குக் கண்ணில் நீர் கொட்டியது.

“எரியுதும்மா.”

“நல்லதுதான். இப்ப அழுதா யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க.”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். கொஞ்ச நேரம் வேகமாக உரித்தான்.

“கோயில்ல மொட்டைன்னா குழந்தை யார் மடியில உக்காரணும்?” என்று கேட்டார் குரு.

“இதென்ன கேள்வி? தாய்மாமன் மடியில.”

“ஆஸ்பத்திரியில யார் மடியில உக்காந்தா?”

பெரியண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

“அதை ஏன் கேக்கறீங்க! அப்பன் மடியில உக்காரலை. ஆத்தா மடியில உக்காரலை. நர்ஸு பிஸ்கட் நீட்டினாங்க, தட்டிவிட்டுட்டா. ஆஸ்பத்திரியே அதிருது. அப்புறம் நான் உள்ள போனேன். ‘ஆடாம உக்காருடி கழுதை’ன்னேன். சிலை மாதிரி உக்காந்தா. மழிக்க வந்த ஆளே அசந்துட்டார்.”

“அடுத்த தடவை?”

“அடுத்த தடவை முதல்லயே என்னைக் கூப்பிட்டு அனுப்பிட்டாங்க.”

“அதுக்கடுத்த தடவை?”

“நான்தான். வேற யாரு?”

சொல்லிவிட்டுக் கையிலிருந்த வெங்காயத்தையே பார்த்தான்.

நல்லதம்பி வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

“சிரிக்காதீங்க மாப்ள. மடி என் மடிதான், சரி. ஆனா அங்க செல்லாயி இல்லையே. எங்கயோ ஒரு ரூம்ல, வாஷ்பேசின் பக்கத்துல.”

“குழந்தையை உள்ள கொண்டுபோனதும் நீங்க என்ன பண்ணுவீங்க?”

“வெளியிலயே நிப்பேன். கும்பிட்டுக்கிட்டு.”

“யாரை?”

“செல்லாயியை.”

“அங்க இல்லாதவளையா?”

பெரியண்ணன் உரித்த வெங்காயத்தை மறுபடி உரித்தான்.

“சரிம்மா” என்றான் கடைசியில். “செல்லாயி முடியை வாங்கிக்கிட்டான்னே வெச்சுக்குவோம். ஒவ்வொரு தடவையும் வாங்கிக்கிட்டா. அப்புறம் ஏன் திரும்பத் திரும்ப அடைக்குது?”

“தெரியாது” என்றார் குரு.

“என்னம்மா?”

“எனக்குத் தெரியாது.”

பெரியண்ணன் வாயைத் திறந்தபடி இருந்தான். பிறகு தோள்துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தான்.

“ஜோசியரைக் கேட்டேன். என் தங்கச்சி சுகன்யாவோட ஜாதகம்னார். எங்க சித்தப்பா, மாப்ள வீட்டு வாசக்கால் சரியில்லைன்னார். எதிர்வீட்டம்மா, மாசமா இருந்தப்ப சுகன்யா கிரகணத்துல வெளிய வந்துட்டான்னாங்க. அவ அன்னிலேர்ந்து சரியா சாப்பிடறதில்லை. நான் முடின்னேன். யாருமே தெரியாதுன்னு சொல்லலைம்மா.”

“டாக்டர் சொன்னாரே” என்றான் நல்லதம்பி.

“என்னன்னு?”

“‘சில குழந்தைகளுக்கு இப்படி அடைச்சுக்குது. ஏன்னு எங்களுக்கே சரியாத் தெரியலை. மாத்திட்டா நல்லா ஓடுவா’ன்னார்.”

“எங்கிட்ட சொல்லலையே!”

“நீங்க ஜோசியர் வீட்டுல இருந்தீங்க மச்சான்.”

குரு சத்தமாகச் சிரித்துவிட்டார். பெரியண்ணன் இருவரையும் முறைத்தான். முறைப்பு நிற்கவில்லை. அவனும் சிரித்தான்.

வேன் டிரைவர் எட்டிப் பார்த்தார். “அண்ணே, ஊருக்குத்தானே? டீசல் போடணும்.”

பெரியண்ணன் முறத்தைப் பார்த்தான். எல்லாம் உரித்தாகிவிட்டது.

“காலையில வாங்க” என்றான். “ஆஸ்பத்திரிக்கு.”

எழுந்து துண்டை உதறினான்.

“நீங்களும் வரணும்மா.”

“நான் எதுக்கு?”

“குழந்தைக்கு இல்லை. எனக்கு.”

*

காலையில் வேன் வந்து நின்றபோது ஆஸ்பத்திரி வாட்ச்மேன் எழுந்து நின்றுவிட்டார்.

பெரியண்ணன் பட்டு வேட்டியில் இறங்கினான். பின்னால் தாம்பாளம், தேங்காய், மாலை, சந்தனக் கிண்ணம். அதற்குப் பின்னால் உறவுக்காரர்கள்.

“என்னங்க இது, கல்யாண மண்டபமா?” என்றாள் நர்ஸ்.

“மொட்டைங்க சிஸ்டர். எங்க குழந்தைக்கு.”

“இங்க தினமும் மொட்டைதான். சந்தனம் வைக்கக் கூடாது. மாலை உள்ள வரக் கூடாது. தேங்காய், பேச்சே கிடையாது.”

“வேட்டி?”

நர்ஸ் மேலும் கீழும் பார்த்தாள். “வேட்டி இருக்கட்டும்.”

தர்ஷிணி அம்மாவின் தோளில் துவண்டு கிடந்தாள். மாமாவைப் பார்த்ததும் ஒரு கண்ணைத் திறந்தாள்.

“உனக்குக் கல்யாணமா மாமா?”

“உனக்கு மொட்டைடி.”

“அது தெரியும்.”

பிறகு குருவைப் பார்த்தாள். இரண்டு கண்ணும் திறந்தன.

“உங்களுக்கும் உள்ள ட்யூப் இருக்கா?”

“இல்லையேம்மா.”

“அப்புறம் ஏன் மொட்டை?”

குரு யோசித்தார். “பழகிடுச்சு.”

“எனக்கும்” என்றாள் தர்ஷிணி.

சுகன்யா அண்ணன் அருகில் வந்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

“செல்லாயி கோவிச்சுக்க மாட்டாளாண்ணா?”

“நீ முதல்ல கேன்டீன்ல போய் ரெண்டு இட்லி சாப்பிடு. கிரகணமும் இல்லை, ஒண்ணும் இல்லை. அம்மாவுக்கே தெரியாதாம்.”

“என்ன தெரியாதாம்?”

“ஏன்னு தெரியாதாம்.”

சுகன்யா குருவைத் திரும்பிப் பார்த்தாள். குரு ஆமாம் என்று தலையசைத்தார்.

“சட்னி நல்லாருக்குமா?” என்றாள்.

“அதுவும் தெரியாது” என்றார் குரு.

*

மழிக்கும் அறை சிறியது. ஒரு ஸ்டூல், வாஷ்பேசின், ஜன்னல். எதிரே திறந்த வாசலுக்கு அப்பால் ஆபரேஷன் தியேட்டரின் பெரிய கதவு.

பெரியண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்து குழந்தையை மடியில் வைத்துக்கொண்டான். நல்லதம்பி பக்கத்தில் நின்றான். குரு வாசலில் நின்றார். மழிப்பவர் கிண்ணத்தில் தண்ணீர் எடுத்தார்.

“கொஞ்சம் இருங்க. அம்மனைப் பாத்து உக்காரணும்” என்றான் பெரியண்ணன். “கிழக்கு எது?”

“ஜன்னல் பக்கம்” என்றார் மழிப்பவர்.

பெரியண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பினான்.

“நம்ம ஊர் தெக்கால இருக்கு மச்சான்” என்றான் நல்லதம்பி.

தெற்கே திரும்பினான். வாஷ்பேசின் இடித்தது.

“ஆனா செல்லாயி வடக்கு பாத்தவ மாப்ள. வரும்போது எதிர்ல வருவாளா, பின்னால வருவாளா?”

“டாக்டர் வந்துடுவார்” என்று வெளியிலிருந்து நர்ஸ் குரல் கொடுத்தாள்.

மழிப்பவர் கிண்ணத்தோடு ஸ்டூலைச் சுற்றி வந்தார். “நீங்க எங்க வேணா பாருங்கய்யா. ஒரே இடத்துல பாருங்க.”

பெரியண்ணனுக்கு வியர்த்தது. வாசலைப் பார்த்தான்.

“அம்மா, நீங்க சொல்லுங்க. எந்தப் பக்கம்?”

குரு பதில் சொல்வதற்குள் தர்ஷிணி மாமாவின் தாடையைப் பிடித்துத் திருப்பினாள்.

“இங்க பாத்து உக்காரு மாமா. அந்தப் பெரிய கதவைப் பாத்து.”

“ஏண்டி?”

“அதுலேர்ந்துதான வருவாங்க.”

“யாரு?”

“பச்சைச் சட்டை அக்கா. சிரிச்சுக்கிட்டே வந்து என்னைத் தூக்கிக்குவாங்க. நான் முதல்ல பாக்கணும்.”

பெரியண்ணன் ஸ்டூலோடு திரும்பினான். வேட்டியைச் சரிசெய்தான். குழந்தையின் தலையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டான்.

“ஆரம்பிங்க” என்றான்.

மழிப்பவர் தண்ணீர் தொட்டுத் தலையில் வைத்தார். நல்லதம்பி கையெடுத்துக் கும்பிட்டான், குருவைப் பார்த்து.

தர்ஷிணி கழுத்தை நீட்டி இப்படியும் அப்படியும் எட்டிப் பார்த்தாள்.

“மொட்டையம்மா, கொஞ்சம் தள்ளிக்கோங்க. கதவு தெரியலை.”

குரு விலகி நின்றார்.