சேந்தனின் நடுகல்

“என் பயத்தைப் போக்கிவிடுங்கள், அம்மா” என்றான் எயினன்.

குகை வாசலை மயிற்பீலியால் பெருக்கிக்கொண்டிருந்த சமணத் துறவி குரத்தியார் நிமிரவில்லை.

“எதைக் கண்டு பயம்?”

“தூசிப்படைக்குத் தலைவனாக அரசர் என்னை அழைத்திருக்கிறார். போரில் முதலில் பாய்கிற படை. இப்போது வாங்குவதைப் போலப் பல மடங்கு சம்பளம், குதிரை, தனி வீடு. நாளைக் காலை பதில் சொல்ல வேண்டும்.”

“நல்ல வேலைதானே?”

“எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். புது வீட்டில் மாட்டை எங்கே கட்டுவது என்றுகூட என் மனைவி முடிவு செய்துவிட்டாள். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.”

குரத்தியார் தொடர்ந்து பெருக்கினார்.

“சேந்தனார் வகித்த பதவி அது, அம்மா. அவரிடம்தான் நான் வாள் பிடிக்கக் கற்றேன். மார்பில் வேல் தாங்கிச் செத்தவர்; உடல்கூடக் கிடைக்கவில்லை. ஊர் எல்லையில் நிற்கும் அவருடைய நடுகல்லுக்கு அமாவாசைதோறும் பூ வைக்கிறேன். அவருக்கு இல்லாத பயம் எனக்கு மட்டும் ஏன்?”

குரத்தியார் ஓர் இலைப்பொதியை நீட்டினார்.

“உள்ளே ஒருவர் காய்ச்சலில் கிடக்கிறார். பொழுது சாய்வதற்குள் ஊட்டிவிட்டு வா.”

எயினன் குனிந்து உள்ளே போனான். நாலடி வைப்பதற்குள் கண் இருட்டிவிட்டது. இடுப்பு வாள் பாறையில் உரசியது.

மூலையில் ஏதோ பதறி எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டது.

“கொன்றுவிடாதே. நான் உயிரோடிருப்பதை யாரிடமும் சொல்லவில்லை.”

‘முன்னே நட’ என்று ஆயிரம் பேரை ஏவிய குரல் அது.

“தலைவரே?”

மூச்சிரைப்பு மட்டும் கேட்டது.

“எயினனா?”

“நீங்கள்... உங்களுக்குக் கல் நட்டிருக்கிறார்களே.”

“பார்த்தேன். ஒரு நாள் ஒளிந்து வந்து பார்த்தேன். மீசையை நன்றாகச் செதுக்கியிருக்கிறார்கள்.” சேந்தன் இருமினார். “நான் ஓடிவிட்டேன், எயினா. முதல் அம்பு வந்ததும் குதிரையைத் திருப்பினேன். ஒவ்வொரு போரிலும் ஓடத்தான் நினைத்தேன். அன்றுதான் கால் என் பேச்சைக் கேட்டுவிட்டது.”

“வீட்டுக்குப் போயிருக்கலாமே?”

“செத்தவன் மனைவி என்றுதான் அவளுக்கு நிலம் கொடுத்தார்கள். நான் போய் நின்றால் நிலம் போகும். என் தலையும் போகும்.”

எயினன் பொதியைப் பிரித்தான். இருட்டில் பாதிச் சோறு கீழே சிந்தியது. மீதியை உருட்டி இருட்டுக்குள் நீட்டினான். எலும்பாய்ப் போன விரல்கள் அவன் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டன.

“என் இடத்துக்கு யாரைப் போட்டார்கள்?”

எயினன் அடுத்த உருண்டையைப் பிடித்தான். வெளியே பீலி பெருக்கும் ஓசை நின்றிருந்தது.

“சொல். யார் அந்தப் பாவி?”

“ஒருவனைக் கேட்டார்கள், தலைவரே. மாட்டேன் என்றுவிட்டான்.”

“மாட்டேன் என்றானா? அரசரிடமேவா? என்ன காரணம் சொன்னான்?”

“பயமாக இருக்கிறது என்றான்.”